கயிறு, தார்ப்பாய், பத்துப் பிள்ளைகள்: சாகச உடற்கல்வி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு பீரியடாவது சாகச விளையாட்டுகளை நடத்துகிறேன். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

சாகச உடற்கல்வி என்றால் மலையேற்றமா?

மலையேற்றமும் அதில் உண்டு. ஆனால் பள்ளி மைதானத்திலேயே, வேப்பமரத்தடியிலேயே பெரும்பகுதியைச் செய்துவிடலாம். பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவிடம் ஒரு சிக்கலைக் கொடுக்கிறோம். தனி ஒருவனால் அதை முடிக்க முடியாது. எப்படி முடிப்பது என்று ஆசிரியர் சொல்லித் தரமாட்டார். கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும், கொஞ்சம் பயம் இருக்கும், தோற்றுப்போகும் வாய்ப்பும் இருக்கும். முடித்ததும் உட்கார்ந்து, நடந்ததைப் பற்றிப் பேச வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால்தான் அது சாகச உடற்கல்வி. கடைசியில் சொன்ன பேச்சை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் விளையாட்டுதான்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் தொடங்கியது. 1941-இல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊரில் குர்ட் ஹான் என்ற கல்வியாளரும் கப்பல் நிறுவனம் நடத்திய லாரன்ஸ் ஹோல்ட்டும் சேர்ந்து ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். எதிரிகள் மூழ்கடித்த கப்பல்களிலிருந்து உயிர்காப்புப் படகில் ஏறும் மாலுமிகளில், உடல் வலு மிக்க இளைஞர்களைவிட அனுபவப்பட்ட மூத்தவர்களே அதிகம் பிழைக்கிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலையாக இருந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பள்ளிக்கு வைத்த பெயர் அவுட்வர்டு பவுண்டு. துறைமுகத்தை விட்டுக் கடலுக்குப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் மாலுமிகளின் சொல் அது.

அதெல்லாம் வாரக்கணக்கில் வெளியில் தங்கிச் செய்கிற பயிற்சி. அதைச் சாதாரணப் பள்ளியின் கால அட்டவணைக்குள் கொண்டுவர முடியுமா என்று 1971-இல் முயன்று பார்த்தவர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹாமில்டன்-வென்ஹாம் உயர்நிலைப் பள்ளியின் முதல்வர் ஜெரி பீ. அந்த முயற்சிக்கு புராஜெக்ட் அட்வெஞ்சர் என்று பெயர். முதலில் அதில் சேர்ந்தவர்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். நம்மைப் போன்ற ஆசிரியர்கள் இன்று மைதானத்தில் செய்வதெல்லாம் அங்கிருந்து கிளைத்ததுதான்.

கபடியிலும் வாலிபாலிலும் இல்லாத குழு உணர்வா இதில் வந்துவிடப் போகிறது?

நான் கபடி ஆடி வளர்ந்தவன், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஏழு பேர் கை கோத்து ஒரு ரெய்டரை மடக்குவதைவிட அழகான குழு வேலை உண்டா என்ன? ஆனால் பள்ளி அணியில் இருப்பவர்கள் பன்னிரண்டு பேர், வகுப்பில் இருப்பவர்கள் நாற்பத்தைந்து பேர். மற்ற முப்பத்து மூன்று பேரும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். அணியிலும் யார் நட்சத்திரம், யார் பந்து பொறுக்குகிறவன் என்பது ஆறாம் வகுப்பிலேயே முடிவாகிவிடுகிறது.

சாகச விளையாட்டு அந்த வரிசையைக் கலைத்துப் போடுகிறது. கண்கட்டிச் சதுரம் என்று ஒரு விளையாட்டு. குழுவே கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துச் சதுரமாக்க வேண்டும். அங்கே கபடி கேப்டனின் தோள் வலு உதவாது. எப்போதும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளைதான் "மொதல்ல கயித்த ரெண்டா மடிங்க, அப்புறம் நாலா மடிங்க" என்று சொல்லும். அதை மற்றவர்கள் கேட்கிறார்களா இல்லையா என்பதுதான் அன்றைய பாடமே.

முதலில் எந்த விளையாட்டோடு தொடங்கலாம்?

குச்சி இறக்குவதில் தொடங்குங்கள். கரண்ட் வேலைக்குப் பயன்படுகிற மெல்லிய பி.வி.சி. பைப், பத்தடி நீளம், ஒன்று போதும். பத்துப் பன்னிரண்டு பேர் எதிரெதிராக இரண்டு வரிசையில் நின்று ஆள்காட்டி விரல்களை மார்பளவு உயரத்தில் நீட்ட வேண்டும். பைப்பை அந்த விரல்களின் மேல் வையுங்கள். விதி ஒன்றே ஒன்றுதான். எல்லோருடைய விரலும் பைப்பைத் தொட்டபடியே இருக்க வேண்டும், பைப்பைத் தரையில் இறக்க வேண்டும்.

பைப் இறங்காது, மேலே போகும். பிள்ளைகள் திகைத்துப் போவார்கள். விரல் விலகிவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் துளி மேல்நோக்கி அழுத்துகிறார்கள். இருபது விரல்களின் அந்தத் துளி சேரும்போது பைப்பின் எடையைத் தாண்டிவிடுகிறது. உடனே, "டேய், நீதான்டா தூக்குற!" என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல ஆரம்பிப்பார்கள். அங்கே யாருமே பொய் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் தூக்குகிறார்கள். தன் பங்கைச் சரியாகச் செய்கிறோம் என்று பத்துப் பேரும் நம்பிக்கொண்டிருக்கும்போதே வேலை தலைகீழாகப் போகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. யாராவது ஒருவர் "எல்லாரும் நிறுத்துங்க, நான் எண்ணுறேன், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு இஞ்ச்" என்று சொல்கிற வரைக்கும் காத்திருங்கள்.

அடுத்து தார்ப்பாய். ஆறுக்கு எட்டு அடித் தார்ப்பாயில் பத்துப் பேரை நிற்க வையுங்கள். யாரும் கீழே இறங்காமல் அதை மறுபுறம் திருப்பிப் போட வேண்டும். மூன்றாவது வாரத்தில் ஆறு கடக்கலாம். சுண்ணாம்புப் பொடியால் இரண்டு கோடு போட்டு நடுவே ஆறு என்று சொல்லுங்கள். பத்துப் பேருக்கு எட்டு சாக்குத் துண்டு கொடுத்து அவற்றின் மேல் மட்டுமே கால் வைத்துக் கடக்கச் சொல்லுங்கள். யாரும் தொடாமல் விட்ட சாக்கை ஆறு அடித்துக்கொண்டு போய்விடும், அதாவது நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். முன்னால் போகிறவன் அவசரத்தில் பின்னால் இருப்பவனை மறக்கும்போது என்ன ஆகிறது என்பதை அந்தச் சாக்கு உடனே காட்டிவிடும்.

மனித முடிச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். எட்டுப் பேர் வட்டமாக நின்று, பக்கத்தில் இல்லாதவர்களின் கைகளைப் பற்றிக்கொண்டு, விடாமல் சிக்கெடுப்பார்கள். சில முடிச்சுகள் இரண்டு வளையமாகப் பிரியும், சில அவிழவே அவிழாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தோள்பட்டை முறுகினால் கையை விட்டு மறுபடி பற்றிக்கொள்ளலாம் என்பதையும் விதியாகவே சொல்லுங்கள்.

நாற்பத்தைந்து பேர், நாற்பது நிமிடம், ஒரே ஆசிரியர். எப்படி?

நான்கு குழுவாகப் பிரித்து, நான்கு இடத்தில் ஒரே விளையாட்டை வையுங்கள். வேறு வேறு விளையாட்டு வைத்தால் விதி சொல்லியே நேரம் போய்விடும். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் விளையாடாமல் பார்வையாளராக இருந்து யார் பேசினார்கள், யார் பேச்சை யாரும் கேட்கவில்லை என்று நோட்டில் குறிக்கட்டும். வாரம் ஒருவர் மாறட்டும். ஐந்து நிமிடம் விதி, இருபது நிமிடம் விளையாட்டு, பதினைந்து நிமிடம் பேச்சு. மணி அடிக்கும்போது விளையாட்டு முடியாமல் இருந்தாலும் பரவாயில்லை, பேச்சுக்கான நேரத்தைத் தொடாதீர்கள்.

விளையாடும்போது ஆசிரியரின் வேலை என்ன?

வாயை மூடிக்கொண்டு நிற்பது. எனக்கு இதைப் பழகவே இரண்டு வருடம் பிடித்தது. விசில் ஊதி, வரிசை பிரித்து, "இப்படி நில்லு, அப்படி ஓடு" என்று சொல்லியே பழகிய கை நமக்கு. பிள்ளைகள் தப்பான வழியில் போவது தெரிந்தும் சும்மா நிற்பது சிரமம். பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் உடனே நிறுத்துங்கள். மற்றபடி அவர்கள் தோற்கட்டும்.

பிறகு எதைப் பற்றிப் பேசுவது? பிள்ளைகள் "நல்லா இருந்துச்சு சார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்களே?

"எப்படி இருந்தது?" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். மூன்று படியாகக் கேளுங்கள். என்ன நடந்தது, அது ஏன் அப்படி நடந்தது, இனி என்ன செய்வோம்.

முதல் படியில் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். "பைப் மூணு தடவை மேல போச்சு." "நாலாவது தடவை செல்வி எண்ணினா." இந்தப் படியில் யாரையும் திட்ட முடியாது, அதனால் கூச்சப்படும் பிள்ளையும் பேசிவிடும். இரண்டாவது படியில்தான் சூடு ஏறும். "நான் ரெண்டாவது தடவையே சொன்னேன், யாரும் கேக்கல" என்று ஒரு பிள்ளை சொல்லும். அப்போது அவசரப்பட்டு சமாதானம் செய்யாதீர்கள். "அவள் சொன்னது யார் காதிலெல்லாம் விழுந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் ஆசிரியருக்கு நீளமாகத் தெரியும், ஆனால் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் உண்மையான பதில் வரும். மூன்றாவது படியில் ஒரே ஒரு தீர்மானம், அடுத்த வாரம் செய்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். "ஒற்றுமையாக இருப்போம்" என்பதை நான் எழுதிக்கொள்வதில்லை. "யாராவது கையைத் தூக்கினால் எல்லாரும் நிறுத்திட்டுக் கேக்கணும்" என்பதை எழுதிக்கொள்வேன்.

வட்டமாக உட்காருங்கள். ஆசிரியரும் தரையில்தான்.

பயந்து பின்வாங்கும் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளிவிட்டால் பயம் தெளியும் என்கிறார்களே?

ஒருபோதும் கூடாது. 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி நடந்தது. மாடியிலிருந்து கீழே விரித்த வலையில் குதிக்க வேண்டும். ஒரு மாணவி தயங்கினார். பயிற்சி கொடுத்தவர் அவரைத் தள்ளினார். கீழ்த்தளத்துச் சன்ஷேடில் தலை மோதி அந்தப் பெண் உயிரிழந்தார். அந்தக் காணொளியைப் பார்த்த எந்த ஆசிரியராலும் அதை மறக்க முடியாது. பயிற்சி கொடுத்தவர் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆள் என்று சொல்லிக்கொண்டிருந்தார், ஆணையம் அதை மறுத்தது.

புராஜெக்ட் அட்வெஞ்சரில் வேலை செய்த கார்ல் ரோங்கி ஒரு விதியைப் பிரபலமாக்கினார். சவாலை ஏற்பதா, எவ்வளவு தூரம் ஏற்பது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யும். விலகி நிற்பதாக முடிவு செய்தாலும் அது குழுவில் ஒருவர்தான், கயிறு பிடிக்கலாம், நேரம் பார்க்கலாம், யோசனை சொல்லலாம். முதல் வகுப்பிலேயே இதை எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள். "சும்மா வாடா, பயந்தாங்கொள்ளி" என்று நண்பர்கள் இழுப்பதும் தள்ளிவிடுவதில்தான் சேரும். வெளியிலிருந்து பயிற்சியாளரை அழைத்தால் அவர் யார், எங்கே பயிற்சி பெற்றார் என்பதைச் சான்றிதழோடு சரிபார்க்காமல் பிள்ளைகளை ஒப்படைக்காதீர்கள்.

பின்னால் சாய்ந்து விழுவது, நண்பர்கள் தாங்குவது, இதைச் செய்யலாமா?

தரையில் நின்றபடி சாய்வதைச் செய்யலாம். மேசை மேல் ஏறி, சுவர் மேல் ஏறி விழுவது வேண்டாம். சாய்வதற்கு முன்னால் தாங்குவதற்குத் தனியாக ஒரு பீரியட் ஒதுக்குங்கள். ஒரு கால் முன்னால், முட்டி லேசாக மடங்கி, கைகள் மார்பளவுக்கு உயர்ந்து, விரல்கள் சேர்ந்திருக்க வேண்டும். காக்க வேண்டியது முதலில் தலையும் கழுத்தும். "தயாரா?" "தயார்." "சாயட்டுமா?" "சாய்." இந்த நான்கு வார்த்தையும் சத்தமாக வராமல் யாரும் சாயக் கூடாது. தாங்குவதாகச் சொல்லிவிட்டு விளையாட்டுக்குக் கையை எடுத்தவனை அந்த நாள் முழுக்க நான் தாங்கும் இடத்தில் நிற்க விடுவதில்லை.

கயிறு இழுக்கும் போட்டி நடத்தலாம் இல்லையா? அது எல்லோருக்கும் தெரிந்தது.

நடத்தலாம், ஆனால் கவனம் வேண்டும். 1997-இல் தைவானின் தைபேயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து இழுத்தபோது நைலான் கயிறு அறுந்து இரண்டு பேருக்குக் கை துண்டானது. நைலான் இழுபடும்போது நீண்டு விசையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், அறுந்தால் சாட்டையாக அடிக்கும். கிணற்றுக்கு வாங்கிய கயிற்றையோ லாரியில் கட்டும் கயிற்றையோ எடுத்துவராதீர்கள், தடித்த மணிலா கயிறோ பருத்திக் கயிறோ வாங்குங்கள். கையில், இடுப்பில், மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றிக்கொள்ள யாரையும் விடாதீர்கள். பக்கத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம்.

ஆணும் பெண்ணும் கை கோத்து விளையாடப் பெற்றோர் சம்மதிப்பார்களா?

சில ஊரில் சம்மதிப்பார்கள், சில ஊரில் மாட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரையே குச்சி இறக்கச் சொல்லுங்கள். விளையாடிப் பார்த்தவர்களுக்குப் பாதிச் சந்தேகம் போய்விடும். தொடாமல் விளையாட வழி உண்டு. மனித முடிச்சில் ஆளுக்கொரு கைக்குட்டையைக் கொடுத்து அதன் நுனியைப் பிடிக்க வைக்கலாம். கயிறு, பைப் இரண்டிலும் தொடவே தேவையில்லை. ஆனால் குழு மட்டும் கலந்தே இருக்கட்டும்.

குழுவை யார் பிரிப்பது?

ஆசிரியர்தான். பிள்ளைகளையே பிரிக்கச் சொன்னால் நண்பர்கள் நண்பர்களோடு போவார்கள் என்று நினைப்போம். நம் ஊரில் அதற்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சேர்வதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சாதிக் கயிறு. நீதியரசர் சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அரசிடம் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் இவற்றைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. தடை வேண்டியதுதான். ஆனால் கயிறு போனாலும் மனசில் இருப்பது போகாது, அதற்கு வகுப்பில் வேலை செய்ய வேண்டும்.

நான் வருகைப் பதிவேட்டை வைத்து வரிசை எண்படி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பிரிக்கிறேன். ஆறு வாரம் அதே குழு, பிறகு கலைத்துவிடுவேன். தார்ப்பாய் விளையாட்டில் ஒரு பையன் விழப்போகும்போது பக்கத்தில் இருப்பவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்துவான். அந்த நொடியில் அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அந்தக் கை யோசிப்பதில்லை. 1907-இல் பேடன்-பவல் பிரவுன்சீ தீவில் சாரணர் முகாமை முதன்முதலில் நடத்தியபோது, பணக்கார வீட்டுப் பையன்களையும் தொழிலாளர் வீட்டுப் பையன்களையும் வேண்டுமென்றே ஒரே கூடாரத்தில் கலந்து வைத்தார். நாம் செய்ய வேண்டியதும் அதுதான், நம் ஊர்க் கோடுகளுக்குக் குறுக்கே. இந்த விளையாட்டுகளை நான் நடத்துவதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லையென்றாலும் இது ஒன்றே எனக்குப் போதும்.

மூன்றாம் வாரத்தில் சண்டைதான் அதிகமாகிறது. எங்கே தவறு?

தவறு எங்கும் இல்லை. புரூஸ் டக்மன் என்ற உளவியலாளர் 1965-இலேயே சொன்னது இது. ஒரு குழு முதலில் கூடும், பிறகு மோதும், பிறகு தனக்கென்று முறைகளை வகுத்துக்கொள்ளும், அதற்கப்புறம்தான் வேலை செய்யும். முதல் வாரத்தில் எல்லோரும் மரியாதையாக இருப்பார்கள், ஏனென்றால் யாரும் இன்னும் மனம் திறக்கவில்லை. சண்டை வந்த குழுவைக் கலைத்துவிடாதீர்கள். கை நீட்டினால், சாதிப் பெயரோ உருவத்தையோ சொல்லித் திட்டினால் விளையாட்டை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு?

அவர்களை ஸ்கோர் எழுத உட்கார வைக்காதீர்கள், விளையாட்டை மாற்றுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை இருந்தால் ஆறு கடக்கும் சாக்குகளைப் பெரிதாக்கலாம். பார்வை இல்லாத பிள்ளைதான் கண்கட்டிச் சதுரத்துக்குச் சரியான வழிகாட்டி. என்ன மாற்றம் வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.

மலைக்கு அழைத்துப் போகலாமா?

ஒரு வருடம் மைதானத்தில் பழகிய குழுவை அழைத்துப் போங்கள். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. வனத்துறை அனுமதித்த பாதை, வனத்துறை தரும் வழிகாட்டி, பெற்றோரின் எழுத்துபூர்வச் சம்மதம், கல்வித்துறை அனுமதி, இவற்றில் ஒன்று குறைந்தாலும் கிளம்பாதீர்கள். கோடையில் காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், அதனால் ஆண்டுத் தேர்வு விடுமுறைக்குத் திட்டமிட வேண்டாம்.

இதனால் பலன் உண்டு என்பதற்கு ஆய்வு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. கல்வி ஆய்வாளர் ஜான் ஹேட்டியும் உடன் சேர்ந்தவர்களும் 1997-இல் 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, மற்றவர்களோடு பழகுவது போன்றவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. பொதுவாகக் கல்வித் திட்டங்களில் கிடைக்கும் பலன் நாள் ஆக ஆகத் தேயும், இதில் பயிற்சி முடிந்த பிறகும் வளர்ந்தது. ஆனால் திட்டத்துக்குத் திட்டம் பலன் மிகவும் வேறுபட்டது, நீண்ட நாள் நடந்தவற்றில் அதிகம். அவற்றில் பெரும்பாலானவை வெளியில் தங்கி நடந்த முகாம்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் பேருந்தில் ஏற்றிப்போய், கயிற்றில் தொங்கவிட்டு, போட்டோ எடுத்துத் திரும்பினால் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

பத்தாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு. விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குக் கேட்கிறார்கள்.

எல்லாப் பள்ளியிலும் கேட்கிறார்கள். எனக்கு உதவியது ஒரே வழி. கணக்கு ஆசிரியரையே ஒரு நாள் பேச்சு வட்டத்தில் உட்காரக் கூப்பிட்டேன். தன் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அங்கே பேசுவதை அவர் பார்த்தார். பிறகு தன் வகுப்பிலும் அதே குழுக்களாகப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொடுக்க விட்டார். எங்கள் பீரியடை இப்போது அவர் கேட்பதில்லை.

மதிப்பெண் போடலாமா?

வேண்டாம். பார்வையாளர் நோட்டு போதும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

பத்தடி பி.வி.சி. பைப் நான்கு, தார்ப்பாய் நான்கு, இருபது மீட்டர் பருத்திக் கயிறு நான்கு, பழைய சாக்கு, கண் கட்டத் துணி, சுண்ணாம்புப் பொடி, ஒரு முதலுதவிப் பெட்டி. ரேஷன் கடையில் கேட்டால் சாக்கு கிடைக்கும். பைப்பை வெயிலில் போட்டுவைக்காதீர்கள், வளைந்துவிடும். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள், பாட அழுத்தம் ஏறுவதற்குள் முதல் ஆறு வாரம் முடிந்திருக்கும்.